வலப்பக்கப் பெட்டி

யுத்தம் முடிந்து சில மாதங்களில், கட்டாரில் விமானம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த என் மச்சான், அதாவது மனைவி 'காக்கா' என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன், சாய்ந்தமருதுக்குத் திரும்பிவந்து என் படகுப் பட்டறையில் இரண்டு பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் இறக்கை பூட்டுவது என்று முடிவு. அதுவரை அது வால் முளைத்த தோணி மாதிரித்தான் கிடந்தது.

நான் ஃபைபர் படகு செய்கிறவன். அதனால் ஓட்டுபவரின் இருபக்கமும் வரும் பெட்டிகள் என் பொறுப்பு. இடப்பக்கத்தில் எஞ்சின் வேகத்துக்கான பிடி, வலப்பக்கத்தில் ஆறு சுவிட்ச்.

"கை அசைய இடம் விட்டு ஒல்லியாச் செய் மச்சான்," என்றார்.

நான் ஒல்லியாகச் செய்கிற ஆளா? எங்கள் வீட்டைக் கொண்டுபோக சுனாமி அலைக்குக் கால் மணி நேரம் போதுமாக இருந்தது. அந்த வீடு எங்களுடையதுதான் என்று அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி நம்பவைக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அன்றிலிருந்து காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில், தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு அப்படி ஒரு பை உண்டு. வலப்பெட்டிக்குள் அந்தப் பை அடங்கும்படி அகலம் வைத்தேன். அடையாள அட்டைக்கென்று வெளிப்பக்கம் ஒரு பிளவு வேறு. அடியில் தட்டினால் அட்டை எட்டிப்பார்க்கும்.

"வானத்துல ஆரு மச்சான் ஐசி கேக்கப்போறான்?"

"கேட்டா?"

அஸர் தொழுதுவிட்டு வந்து, அளவு பார்க்க எங்கள் சொந்தப் பையையே உள்ளே வைத்தேன். என் அட்டையைப் பிளவில் செருகி, இருக்கையில் இறங்கினேன். தெருவில் யாரோ "கடல் வருது!" என்று கத்தினார்கள்.

எழும்பப் பார்த்தேன். பெட்டிகள் இரண்டும் என் இடுப்பை இறுக்கிக்கொண்டன. பையையாவது எடுப்போம் என்றால் மூடி என் வயிற்றில் முட்டி நின்றது. பதறி இழுத்ததில் மூடியின் பிடி கையோடு வந்துவிட்டது. கலிமா சொல்லத் தொடங்கினேன். நடுநடுவே மச்சானைத் திட்டவும் செய்தேன்.

மனைவி ஓடிவந்தாள். "இஞ்ச பாருங்க, பேக் எங்க?"

"பெட்டிக்குள்ள!"

"அப்ப எடுத்துக்கு வாங்களன்!"

"நானே பெட்டிக்குள்ளதான் இரிக்கன்!"

மச்சான் நாலு ஸ்குரூவையும் கழற்றி வலப்பெட்டியை முழுசாகப் பிடுங்கினார். நான் வெளியே விழுந்தேன். மனைவி பெட்டியைக் கட்டிப்பிடித்து மோட்டார்சைக்கிளின் பின்னால் ஏற, கடலுக்கு எதிர்த்திசையில், சம்மாந்துறைப் பக்கம் பறந்தோம். எங்கள் விமானத்தில் ஏதாவது ஒரு துண்டு பறந்தது அன்றுதான். மச்சான் சைக்கிளில் பின்னால்.

சோதனைச்சாவடியில் மறித்தார்கள். "மேக்க மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டு சிப்பாய் பெட்டியைக் காட்டினான். விமானத் துண்டு என்று அந்த நாளில் எந்த வாயால் சொல்வது?

"மாலு பெட்டி," என்றேன். மீன் பெட்டியாம்.

சுவிட்சுக்காக விட்ட ஆறு ஓட்டைகளையும் விரலால் எண்ணினான். அதெல்லாம் எதற்காம்?

"மீன் மூச்சு விட."

மனைவி முதுகில் கிள்ளினாள். சிப்பாய் என்னையே பார்த்துவிட்டு அடையாள அட்டை கேட்டான். நான் பெட்டியின் அடியில் தட்டினேன். அட்டை எட்டிப்பார்த்தது. அவன் எடுத்துப் படித்தான், திரும்பச் செருகினான், தானே ஒருமுறை தட்டிப் பார்த்தான். பக்கத்தில் நின்றவனையும் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினான். பிறகு போகச் சொன்னான்.

கடல் வரவில்லை. திரும்பும்போது அதே சாவடியில், சைக்கிளைப் பிடித்தபடி, மச்சான் வெயிலில் ஓரமாக நின்றார். அவருடைய ஐசி வீட்டில்.

அகலப் பெட்டியை மனைவி திருப்பித் தரவில்லை. பையோடு அது வாசல் கதவுக்குப் பின்னால் குந்தியிருக்கிறது. விமானத்துக்கு வேறொன்று, சொன்னபடி ஒல்லியாகவே, செய்து கொடுத்தேன். மச்சான் அதை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார்.

"ஐசி போடுற இடம் எங்க மச்சான்?"