நான் பிற்போட்ட தடுப்பு

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வள்ளங்களின் இயந்திரப் பாகங்கள் கடைவதே வழமையான வேலை. போன வருடம் மனைவியின் தம்பி அன்ரன் கடற்கரை மணலில் ஓட்டுவதற்கு கூரையில்லாத ஒரு சிறு பகி வண்டி கட்டினான். சில்லுகள் நன்றாகத் திரும்ப வேண்டுமென்று, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அவற்றை இரு பக்கமும் தள்ளும் பற்சட்டத்தை நான் நீளமாகச் செய்து கொடுத்தேன். அது அளவுக்கு மீறி ஓடாமல் நிறுத்தும் தடுப்பை மட்டும் பிறகு பொருத்தலாம் என்று விட்டுவிட்டேன்.

நிலாவெளிக் கடற்கரையில் நானே முதலில் ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் முழுதாக ஒடித்ததும், தடுப்பில்லாத பற்சட்டம் அளவு மீறி ஓடிச் சிக்கி, ஸ்டியரிங் அப்படியே இறுகிவிட்டது. வண்டி கடலுக்குள் இறங்கி என் பக்கமாகச் சரிந்தது. இருக்கைப் பட்டியின் கொளுக்கியில் மணல் புகுந்து திறக்க முடியவில்லை. ஒவ்வோர் அலையும் முகத்தை மூடியது.

“அத்தான், தலையைத் தூக்கிப் பிடியுங்கோ! பட்டியைக் கழட்ட ஏலாமக் கிடக்கு!” என்று கரையிலிருந்து ஓடி வந்த அன்ரன் பட்டியை இழுத்தபடி கத்தினான்.

கழுத்து நோக, அடுத்த அலை வருமுன் மூச்சை இழுப்பதே என் முழு வேலையாக இருந்தது. கரைவலை இழுத்தவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர், “அசையாதேங்கோ, வெட்டுறன்” என்று கத்தியால் பட்டியை அறுத்தார்.

கரையில் அன்ரன் சொன்னான்: “அத்தான், பின்னேரம் உங்கட பிள்ளையளை ஏத்திக்கொண்டு ஓட இருந்தனான்.”

இப்போது தடுப்பைப் பொருத்தி, சில்லுகளைத் தூக்கிவைத்து, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்காமல் எந்த வண்டியையும் பட்டறையிலிருந்து வெளியே விடுவதில்லை. அவசரப்படுத்துபவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன்.