அவருக்குப் பதிலாக என் தம்பி

என் வீட்டுக்காரர் பெயின்டர். ஆள் நெடுநெடுவென்று இருப்பதால் வேலை இடத்தில் எல்லோருக்கும் அவர் ‘ஏணி’. போன மழைக்காலத்தில் ஒரு வீட்டுக் கூரைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். “ஏணியே ஏணியிலேர்ந்து விழுந்துட்டாரு” என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்களாம். மாவுக்கட்டோடு வந்து அதை அவரே சொல்லிச் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னொரு கையையும் உடைத்திருப்பேன்.

நான் முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் தொழில் செய்கிறவள். துணியை வாங்குவதும் வேண்டாமென்று திருப்பி அனுப்புவதும் என் இஷ்டம். கூலி நான் சொல்வதுதான். உடம்பு முடியவில்லை என்றால் கதவைச் சாத்திவிடுவேன். அன்றைக்கு வருமானம் இருக்காது, அதற்காக யாரையும் திட்டவும் முடியாது. தனித்தொழில் என்றால் அப்படித்தான்.

அவர் சங்கதி வேறு. காலையில் கம்பெனி சட்டையை மாட்டிக்கொண்டு, கம்பெனி வண்டியில் ஏறி, மேனேஜர் சொன்ன வீட்டில் மேனேஜர் சொன்ன நிறத்தை அடித்துவிட்டு வருவார். பிரஷ்கூட அவர்களுடையது. என் தங்கை கல்யாணத்துக்கு அரை நாள் வருவதற்கே மேனேஜர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர்.

கட்டுப் போட்டதும் இருவரும் மேனேஜரைப் பார்க்கப் போனோம். கை ஆறும்வரை சம்பளம் உண்டா, அதற்குப் பிறகு வேலை இருக்குமா, எங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்.

“ஏணி நம்ம ஆளுதாம்மா. ஆனா கம்பெனித் தொழிலாளி இல்ல, தனி கான்ட்ராக்டர். சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்காரு. அவருக்கு அவரே முதலாளி. முதலாளிக்கு யாரு சம்பளம் கொடுப்பா?” என்றார் மேனேஜர், தேன் ஒழுக.

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். எதற்கும் தலையாட்டுகிற ரகம்.

“என்னங்க, நீங்க முதலாளியாமே? எங்கிட்ட சொல்லவே இல்லையே” என்றேன் வரும் வழியில்.

“எனக்கே இப்பத்தானே தெரியும்” என்றார் அப்பாவியாக.

சரி, முதலாளி என்றால் தன் வேலைக்கு வேறு ஆளை அனுப்பலாமே? நான் அனுப்புகிறேனே. பட்டன் துளைக்குக் காஜா எடுக்க நேரமில்லை என்றால் பக்கத்துத் தெருப் பெண்ணிடம் கொடுத்துவிடுவேன், ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. என் தம்பியும் பெயின்டர்தான். அப்போது வேலையில்லாமல் சும்மா இருந்தான். மறுநாள் காலையில் அவன் மச்சானுடைய கம்பெனி சட்டையை மாட்டி அனுப்பிவைத்தேன். சட்டை அவனுக்கு முழங்காலைத் தொட்டது. வேலையும் நிற்காது, கூலியும் வீட்டுக்கு வரும் என்று நினைத்தேன். வேறு சூழ்ச்சி எதுவும் இல்லை, சத்தியமாக.

போன சூட்டோடு திரும்பி வந்தான்.

“அக்கா, வண்டியிலயே ஏத்தல. ‘யாரைக் கேட்டுடா வந்த? ஏணி மட்டுந்தான் வரணும், நெனச்சவன் வந்து போக இதென்ன சத்திரமா’ன்னு கத்துறாரு. சட்டையையும் கழட்டி வாங்கிக்கிட்டாரு. பனியனோட பஸ்ல வந்தேங்கா, ஊரே பார்த்துச்சு.”

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம் என்றேன். “எதுக்கு வம்பு? அப்புறம் வேலைக்கே கூப்பிட மாட்டாங்க” என்று இவர் முனகினார். பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

விசாரணை அன்று மேனேஜர் வக்கீலோடு வந்திருந்தார். அதிகாரி ஒரு அம்மா, பாவம், நல்ல ஜலதோஷம். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இவரால வர முடியலன்னா, தனக்குப் பதிலா வேற பெயின்டரை அனுப்பலாமா?”

வக்கீல் இருமினார். மேனேஜர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தன் நிர்வாகத் திறமையைச் சொல்லிக்காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அதெப்படிங்க? என் அனுமதி இல்லாம ஈ காக்கா உள்ள வராது. இந்தம்மா தம்பியையே வாசலோட திருப்பி அனுப்பினேன்!”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

“தனித்தொழில் பண்றவர்னா ஆளை மாத்தலாம், நேரத்தை மாத்தலாம். இவரை எதையும் மாத்த விடாம எல்லாத்தையும் நீங்களே கையில வச்சிருக்கீங்க. அப்ப இவரு உங்க தொழிலாளிதான்” என்றார் அந்த அம்மா.

தீர்ப்பும் அப்படியே வந்தது. கை ஆறும்வரை சம்பளம், ஆறியதும் அதே வேலை, வருடாவருடம் சம்பளத்தோடு லீவு. அன்று வழியெல்லாம் நான் அழுதேன். கூட வந்த தம்பிதான் அந்தக் கம்பெனி சட்டை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுச் சிரிக்க வைத்தான்.

கை ஆறி இவர் பழையபடி வண்டியேறப் போனார். போன வாரம் முதல் லீவு. “சம்பளத்தோட லீவு” என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி மாளவில்லை. ஆனால் விடிந்ததும் வழக்கம்போலக் குளித்துத் தலைவாரிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தார். எனக்கு முதுகுவலி. தைக்க வேண்டிய துணி மலையாகக் கிடந்தது.

“உனக்கு லீவு இல்லையா?” என்றார்.

“நான் முதலாளிங்க. முதலாளிக்கு யாரு லீவு கொடுப்பா?”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முக்காலியை மெஷின் பக்கத்தில் இழுத்துப் போட்டு, என் கையிலிருந்த ஊசியை வாங்கிக்கொண்டார்.

“நீ ஆள் மாத்தி அனுப்பலாம்ல? இன்னைக்கு உனக்குப் பதிலா நான். போய்ப் படு.”

அவர் தைத்த முதல் பட்டனே கோணலாக இருந்தது. அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்தேன்.