பன்னிரண்டாவது சனிக்கிழமை

எங்கள் சனிக்கிழமைப் பாட்டுச் சபையின் கற்பலகை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அதில் நாலாவது வரியில் ஒரு சுரண்டல். வெள்ளை வர்ணத்தில் எழுதியிருந்த ஒரு பெயரைக் கத்தியால் சுரண்டி எடுத்த இடம். சுண்ணக்கட்டி அங்கே போனால் தடுக்கும். சுரண்டியவர் செக்ரடரி. சுரண்ட வைத்தவன் நான்.

செக்ரடரி திருநெல்வேலிக்காரர். கிளைவ் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த தமிழர்களில் ராகம் தானம் பாடுகிறவர்களுக்கு வேறு இடங்கள் இருந்தன. எங்களுடையது தெம்மாங்கு, சிந்து, ஏற்றப்பாட்டு. அலிப்பூர் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு வங்காளி வக்கீல், குதிரைகளை விற்றுவிட்டுச் சும்மா வைத்திருந்த லாயத்தை எங்களுக்குக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து நாலு மணிக்குத் தொடங்கினால் விளக்கு வைக்கும் நேரத்தில் முடியும். மழைக்காகவும் நின்றதில்லை, துர்கா பூஜைக்காகவும் நின்றதில்லை. பல வருடங்களாகக் குதிரை இல்லாத அந்த லாயத்தில் குதிரை வாடை மட்டும் சபை உறுப்பினரைப் போலத் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

செக்ரடரியின் சட்டம் எளிது. தை முதல் மார்கழிக்குள் ஒருவர் பன்னிரண்டு சனிக்கிழமையாவது மேடை ஏற வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெயர் பலகையை விட்டுப் போகும். பாடினாலும் ஏறியதுதான், பக்கத்தில் உட்கார்ந்து ஜால்ரா தட்டினாலும் ஏறியதுதான். ஆனால் பாடுகிறவர் வாயால் கூப்பிட்டால்தான் பக்கத்தில் உட்காரலாம். செக்ரடரிகூட யாரையும் திணிக்க முடியாது. இன்னொன்று, வேலை மாற்றலாகி ஊரை விட்டுப் போகிறவர் அந்த வருடக் கணக்கை முடித்திருந்தால் அவர் பெயர் என்றைக்கும் அழியாது. எப்போது கல்கத்தா வந்தாலும் அன்றைக்கு மேடை அவருக்கு. முடிக்காதவர் சும்மா ஒரு மனிதர். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம். “பாட்டு எல்லாவனுக்கும் வரும் வே. சனிக்கிழமை வருதாங்கிறதுதான் கேள்வி” என்பார்.

எனக்குச் சனிக்கிழமை வரும், பாட்டு வராது. என் தொண்டையைக் குறை சொல்ல மாட்டேன். அது பாடுவதற்கென்று கொடுக்கப்பட்டதாக எங்கேயும் எழுதியில்லை. நான் பாடத் தொடங்கினால் வக்கீல் கை இரண்டையும் நீட்டி, “போஷுன், போஷுன்” என்பார். உட்காருங்கள் என்று வங்காளியில் உபசாரம். மேடையில் நின்று பாடுகிறவனை அப்படி உபசரிப்பது அவர்கள் வழக்கம் என்றே வெகுநாள் நம்பினேன். ஆகவே என்னை ஜால்ராவுக்குத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருடம் மார்கழிக் கடைசியில் என் கணக்கு பதினொன்று. அதில் பத்து ஜால்ரா.

அந்தப் பத்தில் ஐந்து சிம்லாக்காரர் போட்ட பிச்சை. அவர் மதுரைப் பக்கத்து மனிதர், சர்க்கார் ஆபீஸில் வேலை. வெயில் காலத்தில் ஆபீஸ் மொத்தமும் சிம்லா மலைக்கு ஏறும், குளிருக்குக் கல்கத்தாவுக்கு இறங்கும். அதனால் அந்தப் பெயர். இங்கே இருக்கிற சில மாதங்களில்தான் அவர் பன்னிரண்டைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் பிடித்தார். கஞ்சிராவைத் தட்டிக்கொண்டே அவர் தெம்மாங்கு எடுத்தால் வக்கீல் வீட்டுச் சமையல்காரர் கரண்டியோடு வந்து வாசலில் நிற்பார். வாசல் பக்கம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து, “தம்பி, சும்மாதான நிக்கிறீக, ஜால்ராவை எடுத்துட்டு வாங்க” என்பார். பலகையில் என் பெயருக்கு ஒரு கோடு ஏறும்.

அந்தக் குளிரில்தான் தலைநகரம் டெல்லிக்குப் போகிறது என்று செய்தி வந்தது. சிம்லாக்காரர் இனிக் கல்கத்தாவுக்கு இறங்க மாட்டார். அவர் கணக்கும் பதினொன்றில் நின்றது. மேலதிகாரியோடு புது ஆபீஸுக்கு இடம் பார்க்க டெல்லிக்குப் போனவர், மார்கழிக் கடைசிச் சனிக்கிழமைக்குள் வந்துவிடுகிறேன் என்று கடிதம் போட்டிருந்தார்.

வந்தார். ஆனால் எல்லாரும் பாடி முடித்து, அன்றைய பாட்டு வரிசையில் கடைசிப் பெயரான நான் மேடை ஏறும்போது வந்தார். தலையெல்லாம் கரித்தூள், தோளில் படுக்கைச் சுருட்டு.

“வண்டி மூணு மணி நேரம் லேட்டுண்ணே. எல்லாரும் பாடியாச்சா?”

“இவரு ஒருத்தர்தான் பாக்கி. விளக்கு வைக்க இன்னும் ஒரு பாட்டு நேரம்தான் இருக்கு” என்றார் செக்ரடரி.

பெஞ்சிலிருந்து ஒருவர், “அப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. தம்பி இறங்கட்டும், நீங்க ஏறுங்க” என்றார். லாயமே சிரித்தது.

“அதெப்படிங்க? அவுக பேருதான எழுதியிருக்கு” என்று சிம்லாக்காரர் முன்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நான் இறங்கினால் என் பெயரும் போய்விடும். இறங்காததற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. வருத்தம் அடுத்ததில். செக்ரடரி பலகையோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“கூட யாரும் வேணுமா வே?”

“வேண்டாம்.”

அவர் நகரவில்லை. மூலையில் கிடந்த சபைக் கஞ்சிராவை எடுத்து, துண்டால் துடைத்து, என் கண்ணெதிரே வைத்தார். “யோசிச்சுச் சொல்லும் வே. கூட யாரும் வேணுமா?”

அந்தச் சிரிப்பு என் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கஞ்சிராவோடு வந்து உட்கார்ந்தால் என் பாட்டை யார் கேட்பார்கள்? ஒரு தடவையாவது என் குரல் மட்டும் கேட்க வேண்டும். “வேண்டாம்னு சொன்னேனே, தனியாவே பாடிக்கிறேன்” என்றேன். செக்ரடரி தலையைக் குனிந்துகொண்டார்.

பாடினேன். இரண்டாவது அடியில் தாளம் கையை விட்டுப் போயிற்று. திகைத்துப்போய் முன்பெஞ்சைப் பார்த்தேன். சிம்லாக்காரர் தன் முழங்காலில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார், எனக்குத் தெரியும்படி. அதைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினேன். முழங்கால் பெஞ்சில் இருந்தது. மேடையில் இல்லை. கணக்கில் வராது.

முடிந்ததும் என் முதுகில் தட்டி, “நல்லா எடுத்தீக தம்பி” என்றார். கைக்குட்டைக்காகச் சட்டைப் பையில் கையை விட்டபோது ஜால்ரா தட்டுப்பட்டது. அப்போதுதான் செக்ரடரி ஏன் இரண்டு தடவை கேட்டார் என்று எனக்குப் புரிந்தது. வருடம் முழுக்க அந்தச் சட்டத்தால் பிழைத்தவன் நான். சபையிலேயே அதை நன்றாக அறிந்தவனும் நான்தான். ஓடிப்போய்ச் செக்ரடரியிடம் கேட்டேன். “இன்னொரு பாட்டுப் பாடட்டுமா? இவரைக் கூடக் கூப்பிட்டுக்கிறேன்.”

“ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு ஒண்ணுதான் வே” என்றார். கத்தியை எடுக்கும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

சிம்லாக்காரர் பிறகு இரண்டு தடவை கல்கத்தா வந்தார். இரண்டு தடவையும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். நான் மேடையில் இருந்தபோது முழங்காலில் தட்டினார்.

செக்ரடரி ஓய்வுபெற்றுத் தாமிரபரணிப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். போகும்போது பலகையை என்னிடம் கொடுத்தார், காரணம் சொல்லவில்லை. போன மார்கழிக் கடைசிச் சனிக்கிழமை, புதிதாகச் சேர்ந்த பாங்க் குமாஸ்தா ஒருவர் நல்ல குரலோடும் அதைவிட நல்ல சட்டையோடும் மேடை ஏறினார். பெஞ்சில் கார்டன் ரீச் துறைமுகப் பக்கமிருந்து வருகிற நண்பர், கணக்கு பதினொன்று, மடியில் ஜால்ராவை வைத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“கூட யாரும் வேணுமா?” என்றேன்.

“வேண்டாம் சார்.”

மறுபடி கேட்டேன். மூன்றாம் தடவையும் கேட்டேன்.

“எத்தனை தடவை சார் கேப்பீங்க?”

“எனக்கு வேற வேலை இல்லப்பா. விளக்கு வைக்கிற வரைக்கும் கேப்பேன்.”

அவர் அலுத்துக்கொண்டு பெஞ்சைப் பார்த்து, “வாங்க சார், நீங்களாவது வாங்க” என்றார். கார்டன் ரீச்காரர் எழுந்த வேகத்தில் பெஞ்சு சாய்ந்தது. அவர் பெயர் ஐந்தாவது வரியில் இருக்கிறது. பன்னிரண்டாவது கோட்டைக் கொஞ்சம் நீளமாகவே மேலே இழுத்தேன். நாலாவது வரியில் போய்ச் சுண்ணக்கட்டி தடுக்கியது.