தாத்தாவின் தலைமாட்டுக் குரோட்டன்

குடும்ப வரலாற்றை எழுதப்போவதாகப் பெரியப்பா மகன் கனடாவிலிருந்து வந்திருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு கல்லறைப் படம் வேண்டுமாம். தாத்தாவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. நான் கண்டியில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். பன்விலப் பக்கம் எங்கள் குடும்பம் முன்பு கூலி வேலை செய்த தேயிலைத் தோட்டத்துக்கு வழி காட்டத்தான் என்னைக் கூட்டிப்போனார்.

தோட்டத்து வரைபடத்தில் 'மயானம்' என்று போட்டிருந்த இடத்துக்கு நேராகப் போனார். இரும்பு வேலிக்குள் வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகள். பெயர், பிறந்த ஊர் எல்லாம் கல்லில் வெட்டியிருந்தன. பாசியைச் சுரண்டிச் சுரண்டி ஒவ்வொன்றாக வாசித்தார்.

"என்னண்ணே, தாத்தாவத் துரை பக்கத்துலயா படுக்க வச்சிருப்பாங்க?"

"பின்ன எங்க?"

"மேல வாங்க."

ஓடைக்கு மேலே சரிவில் எங்கள் ஆட்களின் புதைகாடு. வேலியில்லை, கல்லில்லை. மண்மேடு இரண்டு மழைக்குக் கரைந்துவிடும். அதனால் புதைத்த அன்றே தலைமாட்டில் குரோட்டன் கிளை ஒன்றை நடுவார்கள். எங்கள் வீட்டுக்கு மஞ்சள் புள்ளி இலை, பக்கத்து லயத்து வரிசை வீடுகளுக்குச் சிவப்பு. தாத்தாவின் செடி என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தை மாதத்தில் நான்தான் வந்து களை பிடுங்கிச் சூடம் கொளுத்துவேன்.

அண்ணன் அதைச் சுற்றி வந்தார்.

"செடியப் போட்டா யாரு நம்புவா? கண்டி டவுன் மயானத்துல இடம் எடுத்து, தாத்தா பேருல ஒரு கல்லு வச்சிருவோம். பிள்ளைங்க வந்தா லேசா பாக்கலாம்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. பேரு இருக்கும்ல?"

"அப்ப வேணாம்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் சிரித்தார். "சும்மா ஒரு அடையாளந்தானே, தங்கச்சி."

"உசுரோட இருந்தப்ப கவருமெண்டுக்காரங்க இந்தியாவுக்குப் போன்னாங்க. மாட்டேன்னு இங்கேயே கெடந்தாரு. செத்த பொறகு நீங்க டவுனுக்குப் போகச் சொல்றீங்க. இதுதாண்ணே அவரு எடம். எழுதுறதா இருந்தா இத எழுதுங்க. இல்லாட்டி அந்த எடத்த வெறுமையா விடுங்க, பொய்க் கல்லு வேணாம்."

அவர் கேமராவை எடுத்தார். நான் செடியை விட்டு நகரவில்லை. படத்தில் என் சேலையும் பாதி முகமும் விழுந்துவிட்டன. என்னை வெட்டிவிடட்டுமா என்று கேட்டார்.

வெட்டக் கூடாது என்றேன். நம்பாதவர்கள் என்னிடம் வந்து கேட்கட்டும்.