சூடேறாத அளவுக்கட்டை

ஆலையின் பற்றவைப்புப் பரிசோதகருக்குப் "பத்து நொடி" என்று பெயர். நீராவி ஓடும் முந்நூறு டிகிரிக் குழாயில், விரிசல் தேடும் மீயொலிக் கருவியின் முனையைப் பத்து நொடிக்குமேல் வைத்தால் கருகிவிடும். பத்து நொடியில் எடுத்துக்கொண்டு, மீதி நாளைக் குளிரூட்டிய அறையில் கழிப்பார். வீட்டிலும் எந்தப் பேச்சுக்கும் அவ்வளவே ஒதுக்குகிறார் என்பது அவர் மனைவியின் புகார்.

தீர்ப்பு மட்டும் அசையாது. அவர் விரிசல் என்றால் விரிசல்தான். மூன்று முறை அப்படி எழுதினால், பற்றவைத்தவரின் தகுதி அட்டை ரத்தாகும். அதே ஆலையில் பற்றவைக்கும் தங்கையின் கணவருக்கு ஏற்கெனவே இரண்டு எழுதியிருந்தார். உறவு பார்க்காத நேர்மை என்று அதற்காக ஒரு பாராட்டுக் கடிதமும் வாங்கியிருந்தார்.

மூன்றாவதை, வால்வை ஒட்டிய இணைப்பில் எழுதினார். ஆலையை நிறுத்தி, குழாயை ஆறவிட்டு, அவர் குறித்த இடத்தைக் குடைந்தார்கள். பழுதற்ற இரும்பே வந்தது.

"விரிசல் சூட்டுல வாய் திறக்கும், ஆறினா மூடிக்கும். உங்க வேலை அப்படி, மாப்பிள்ளை."

கருவியைச் சரிபார்க்கும் அளவுக்கட்டை, அதாவது குறித்த ஆழத்தில் துளையிட்ட இரும்புத் துண்டு, குளிர் அறையில் இருந்தது. மாப்பிள்ளை அதை எடுத்துவந்து, பற்றவைப்புக் கம்பிகளை உலர்த்தும் அடுப்பில் முந்நூறு டிகிரிக்குச் சூடாக்கினார்.

"இப்போ துளை எங்க இருக்குன்னு பாருங்க, மச்சான்."

மச்சான் பத்து நொடி முனையை வைத்தார். திரையில் துளை உண்மையான இடத்திலிருந்து எட்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றது.

"அந்தத் துளையும் நான் போட்டதுதானா, மச்சான்?"

சூடான இரும்பில் ஒலி தளர்ந்து நடக்கும். அது சாயும் கோணமும் மாறும். கட்டையையும் அதே சூட்டில் வைத்தே கருவியைத் திருத்த வேண்டும். அவர் கண்ட விரிசல், இணைப்பைத் தாண்டி வால்வுக்குள் அதன் அமைப்பிலேயே உள்ள ஒரு படியின் விளிம்பு. பத்தொன்பது ஆண்டுப் பதிவேடுகளில் "கட்டையின் வெப்பநிலை" என்ற கட்டத்தில் ஒரே எண்தான்: இருபத்துநான்கு. அறையின் சுகத்தை அவர் பிசகாமல் பதிந்துவைத்திருக்கிறார்.

மூன்றாவது குறி அழிக்கப்பட்டது. முதல் இரண்டைப் பற்றித் தங்கை அண்ணன் வீட்டுக்கே வந்து கேட்டாள்.

"அந்த இணைப்பெல்லாம் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டாச்சும்மா. எதை வச்சு சோதிக்கிறது?"

"அழிக்கத்தான் சரியான சோதனை வேணும். எழுதினப்போ வேணாம். அப்படித்தானே, அண்ணா?"

அந்த இரண்டு குறிகளும் இன்றும் அட்டையில் இருக்கின்றன. இன்னும் ஒன்று விழுந்தால் பிழைப்பு போகும். ஆகவே, ஒவ்வொரு சோதனைக்கும் மாப்பிள்ளையே அடுப்போடு வருகிறார். கட்டையைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு, மச்சான் முனையை எடுக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார்.