போர்வைக்குள் வெந்த சோறு

டென்மார்க்கின் சில்க்போர்க் நகருக்கு வந்த மூன்றாம் நாளே, புருஷனின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருப்பதாகச் செலீனாவுக்குத் தோன்றியது. இறகுப் போர்வை நடுவில் மேடாகக் கிடந்தது. தொட்டால் சூடாக இருந்தது. இழுத்துப் பார்த்தாள். உள்ளே பழைய பத்திரிகைகளால் சுற்றிக் கட்டிய ஒரு பானை. பானைக்குள் சோறு.

முகம் கழுவிக்கொண்டு வந்த புருஷன் இன்னாசித்தம்பி பதறிப்போனான்.

"ஐயோ மூடும், மூடும்! சூடு போயிடும். கொதிச்ச உடனை அடுப்பை நிப்பாட்டிப்போட்டு இப்பிடிப் பொத்தி வைச்சால் தானா அவியும். கரண்ட் மிச்சம்."

"கஞ்சி வடிக்கேல்லையோ?"

"தண்ணியை அளந்து விட்டால் வடிக்கத் தேவையில்லை."

செலீனா போர்வையைத் திரும்ப மூடினாள். மன்னாரில் தேத்தண்ணி குடித்த கோப்பையைக்கூடத் தள்ளி வைக்காத மனுஷன் இவன். அடுப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாமல் வளர்ந்தவன். அவனுக்குச் சோற்றுக்குத் தண்ணீர் அளக்கத் தெரிகிறது, பானைக்குப் போர்வை போர்த்தத் தெரிகிறது என்றால் அது சும்மா வந்த ஞானமா? எவளோ ஒருத்தி பக்கத்தில் நின்று பழக்கியிருக்கிறாள் என்று முடிவு கட்டினாள்.

சந்தேகம் அன்று முளைத்ததல்ல, ஊரிலிருந்தே கூட வந்தது. கல்யாணம் முடிந்த சில மாதத்தில் அகதியாகப் புறப்பட்டவன், டென்மார்க்கில் இருக்க அனுமதி கிடைத்த கையோடு அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டதாக எழுதினான். பிறகு வந்த கடிதமெல்லாம் ஒரே பாட்டு. கொப்பன்ஹேகன் அரசாங்கக் கந்தோரில் பைலை எடுக்கிறார்களே இல்லை, எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இதே கதிதான் என்று. கோவில் வாசலில் சனங்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவளைப் பெற்ற அப்பு வெளிப்படையாகவே சொன்னார்.

"சட்டம் இருக்கிற தேசத்தில காரணமில்லாமல் பைல் கிடக்குமோ, பிள்ளை? கள்ளன் வெள்ளைக்காரி ஒருத்தியோட இருந்துகொண்டு கந்தோரில பழியைப் போடுறான்."

விசா வர முன்னமே அப்பு கண்ணை மூடிவிட்டார். கடைசிவரை மருமகனின் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. 'அந்தக் கள்ளன்' என்பதோடு சரி.

இப்போது அந்தக் கள்ளனின் வீட்டுக்குள்ளேயே வந்தாயிற்று. செலீனா துப்புத் துலக்கத் தொடங்கினாள். துலக்கத் துலக்க வயிறு எரிந்தது. ஒரே ஒரு அறையில்தான் வெப்பமூட்டியைத் திறந்து வைப்பான். ஜன்னலைத் திறக்கும் முன் அதையும் பூட்டிவிடுவான். உடுப்பு அலசிய தண்ணீரை வாளியில் பிடித்துக் கக்கூசுக்கு ஊற்றுவான். பானைக்கு எப்போதும் மூடி. ஒருத்தனுக்கு எதற்கு இரண்டு போர்வை என்று கேட்டால், "ஒண்டு பானைக்கு" என்கிறான்! அலுமாரிக் கதவின் உட்புறம் சிரிக்கிற சூரியன் படம் ஒன்று ஒட்டியிருந்தது. ஆம்பிளை ஒட்டுகிற படமா அது?

"ஆர் உங்களை இப்பிடிப் பழக்கினது?"

"வேலையில நீல்ஸ் எண்டொரு தாடிக்காரன். அணுமின்சாரம் வேண்டாம் எண்டு ஊர்வலம் போறவன், அந்தப் படமும் அவன் ஒட்டினதுதான். கரண்டைக் குறைச்சால் நிலக்கரி எரிக்கிறதும் குறையும், காசும் மிஞ்சும் எண்டான். நீர் வருவீர் எண்டு எடுத்த வீடு, வாடகையும் கட்ட வேணும். பிடிச்சுக்கொண்டன்."

"ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, பாப்பம்."

"அவன் போன வருஷம் நோர்வேக்குப் போயிட்டானே."

வசதியான நீல்ஸ்தான் என்று செலீனா மனதுக்குள் பல்லைக் கடித்தாள். பைலும் கண்ணால் காண முடியாத கொப்பன்ஹேகனில் கிடந்தது. நீல்ஸும் கண்ணால் காண முடியாத நோர்வேயில் இருக்கிறான். நல்ல பொருத்தம்!

அன்றிலிருந்து அந்த முகம் தெரியாதவளோடு அடுப்படியில் சண்டை தொடங்கியது. பானையை மூடாமல் பொங்கவிட்டு, வேண்டுமென்றே கஞ்சி வடித்தாள். எல்லா அறையிலும் விளக்கு எரிந்தது. சுடுதண்ணீர் ஓடியபடி கிடக்கும். இன்னாசித்தம்பி பின்னால் வந்து ஒவ்வொன்றாக நிறுத்துவான். ஒரு வார்த்தை ஏசமாட்டான். அதுவே அவளுக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது. மடியில் கனம் இல்லாதவன் இத்தனை பொறுப்பானா?

இந்தச் சந்தேகத்தோடேயே அவள் டேனிஷ் படித்தாள், முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், புருஷனுக்குச் சோறும் போட்டாள். வருஷங்கள் போயின.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஜனவரியில், வேலையிடத்து ஓய்வறையில் எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் செய்தி போனது. கூட வேலைசெய்யும் பியர்த சத்தத்தைக் கூட்டினாள். நீதிபதி ஒருவரின் விசாரணை அறிக்கை வெளியாகியிருந்தது. தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களை முன்னைய நீதி அமைச்சர் வேண்டுமென்றே, சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட வைத்தாராம். அதனால் அரசாங்கமே விலகுகிறதாம். செலீனா டேனிஷ் படித்ததற்கு அன்றுதான் முழுப் பலன். ஒரு சொல் தப்பாமல் விளங்கியது.

"நீயும் அப்படிக் காத்திருந்தவளா?" என்று பியர்த கேட்டாள்.

செலீனா ஆமென்று தலையாட்டினாள். வெட்கம் முகத்தில் சுட்டது. அரசாங்கத்தின் மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. கடிதத்துக்குக் கடிதம் அவன் எழுதியது அத்தனையும் நிஜம். பைல் நிஜமென்றால் நீல்ஸும் நிஜமாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீரை அளந்து உலை வைத்தாள். கொதித்ததும் அடுப்பை நிறுத்தினாள். பத்திரிகையால் பானையைச் சுற்றிக் கட்டிலில் வைத்து, தன் போர்வையை எடுத்துப் பொத்தினாள்.

வேலை முடிந்து வந்த இன்னாசித்தம்பி வெறும் அடுப்பைப் பார்த்தான்.

"என்ன, அடுப்புப் பழுதோ?"

"இல்லை. சோறு கட்டிலில கிடக்கு."

அவன் அறைக்குள் போய்ப் போர்வையைத் தூக்கிப் பார்த்தான்.

"செய்தி பாத்தனீரோ?"

"பாத்தன். நீங்கள் உண்மைதான் எழுதியிருக்கிறியள்."

வேறொருவன் என்றால் அந்த இடத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பான். இவன் பானையை வெளியே எடுத்து மூடியைத் திறந்தான். சோறு களியாய்க் குழைந்திருந்தது.

"தண்ணி கூடிப்போச்சு."

"நீல்ஸை வரச்சொல்லுங்கோ. எனக்கும் பழக்கட்டும்."

இன்னாசித்தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரிக்கத்தான் போனாள், அழுகை முந்திக்கொண்டது. அவன் பானைச்சூடு ஆறாத போர்வையை எடுத்து அவள் தோளில் போட்டான்.

"நான் எண்டாலும் இண்டைக்கு அறிஞ்சிட்டன்," என்றாள் செலீனா. "அப்புவுக்கு இனி ஆர் சொல்லுறது?"