நோ நாடகத்தில் ஒரு ‘பலே’

போன வாரம் வெஸ்ட்கேட்டில் காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். வேலிக்குக் கம்பம் அடித்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவர், சம்மட்டி விழுவதற்கு முன் "யோ…" என்று இழுத்துக் குரல் கொடுத்தார். கையில் சாவியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

இதே மாதிரிக் குரலைக் கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன். நகர மையத்தில் ஓர் அரங்கில், ஜப்பானியர்களின் பழைய ‘நோ’ நாடகம். என் கணவருக்கு அவருடைய மேனேஜர் டிக்கெட் கொடுத்திருந்தார். நான் மதுரை, அவர் யாழ்ப்பாணம், குடியிருப்பது இந்த வெளிநாட்டில். வீட்டில் எனக்கு ஃபேன் ஓடும், அவருக்கு ஹீட்டர் ஓடும். இருவருக்கும் பொது, கச்சேரிப் பைத்தியம் ஒன்றுதான். நல்ல இடம் வந்தால் அவர் போடும் "பலே!"யில் வாசிப்பவரே சிரித்துவிடுவார். நான் அவரை முதன்முதலில் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான், அது வேறு கதை.

மேடையில் ஒரு குழல், தோளில் வைத்த சின்ன மேளம், இடுப்போரம் வைத்த பெரிய மேளம். பெரியதன் தோலை நெருப்பில் காய்ச்சி எடுத்து வருவார்களாம். சின்னதன் தோலை வாயால் ஊதி ஊதி ஈரமாகவே வைத்திருப்பார்களாம். அடுத்தடுத்து உட்கார்ந்துகொண்டு! முகமூடி போட்ட நடிகர் ஓர் அடி எடுத்து வைக்க ஒரு யுகம் ஆனது. ஒரு தட்டு. அப்புறம் ஒன்றுமே இல்லை. "யோ…" என்று மேளக்காரர் கூவினார். மறுபடி ஒரு தட்டு.

தொடையில் தாளம் போட்டுப் பார்த்துத் தோற்ற என் கணவர் என் காதில், "இஞ்சேரும், சமம் எங்கை வருது? பிடிபடுதில்லை" என்றார்.

"பேசாம இருங்க. முன்னாடி உங்க மேனேஜர் இருக்காரு."

அதட்டினேனே தவிர, தாளத்தின் முதல் அடி எங்கே விழுகிறது என்று எனக்கும் அதே கேள்விதான். தாளம் போட ஆளே இல்லாமல் எப்படி ஒன்றாக வந்து சேர்கிறார்கள்? கூவல்கள் நெருங்கி நெருங்கி வந்தன. பெரிய மௌனம். இரண்டு மேளமும் ஒன்றாக விழுந்தன.

"பலே!"

என் பக்கத்திலிருந்துதான். அரங்கமே திரும்பிப் பார்த்தது. மேனேஜரின் பிடரி சிவந்தது. மேடையில் இருப்பவர்களே குரல் கொடுத்தால், கேட்பவர்களும் கொடுக்கலாம் என்றுதானே நம் ஆட்கள் நினைப்பார்கள், பாவம்!

முடிந்ததும் என் கணவர் நேரே காருக்குப் போய்விட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. வெளியே வந்த பெரிய மேளக்காரரைப் பிடித்துக் கேட்டேவிட்டேன். நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார்: அடுத்த தட்டுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கப் போகிறேன் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுதான் அந்தக் கூவலாம். பிறகு அவரும் ஆவலாகக் கேட்டார், உள்ளே குரல் கொடுத்தது யார் என்று. முதலில் திடுக்கிட்டாராம், அப்புறம் சந்தோஷமாக இருந்ததாம்.

காரில் ஏறியதும் இதைச் சொன்னேன்.

"சும்மா சொல்லாதையும்" என்றார். நம்பவில்லை.

மேனேஜர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் அதற்குப்பின் எந்தக் கச்சேரியிலும் இவர் வாய் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்து, கடைசியில் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டுவார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

போன மாதம் மவுண்ட் ரோஸ்கில் ஹாலில் எங்கள் மகள் முதன்முதலாக மேடையேறி மிருதங்கம் வாசித்தாள். தனி ஆவர்த்தனத்தில் ஓர் இடம், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவருடைய உதடு துடித்தது, சத்தம் வரவில்லை. வீட்டு வாசலில் கார் நின்றதும் பின் சீட்டிலிருந்து அவள் மெல்லக் கேட்டாள்.

"அப்பா, டிட்ன்ட் யூ லைக் இட்?"